எடுத்தவரே எடிட் செய்யட்டும்

வணக்கம்.

விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் என்கிற காட்சித் தொடர்பியல் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு புலம்பல் அடிக்கடி கேட்கும். "வகுப்புக்குப் போறானா இல்லையான்னே தெரியல சார். கேமராவைத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் காசிமேடுங்கிறான், ஒரு நாள் கோயம்பேடுங்கிறான்." பெற்றோர் இப்படிச் சொல்லும்போது நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: எடுத்துவந்ததை யார் எடிட் செய்வது? அவனே உட்கார்ந்து செய்கிறான் என்றால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். நண்பனிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஷூட்டுக்குக் கிளம்பிவிடுகிறான் என்றால், வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்.

செய்தித் தொலைக்காட்சியில் எடிட் மேசையிலேயே பல வருடம் கழித்தவன் நான். இப்போது கல்லூரிகளில் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இது கொஞ்சம் என் கட்சிக்காரப் பேச்சாகவும் இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன்: வீடியோ செய்தியைக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் எடிட் மேசைதான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-இல். தொலைக்காட்சிச் செய்திகளை 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்த காலம் ஒன்று இருந்தது. நூறு அடிச் சுருள் மூன்று நிமிடம்கூட ஓடாது. எடுத்ததை லேபில் கழுவி, காயவைத்து, அப்புறம்தான் கண்ணால் பார்க்க முடியும். அதனால் கேமராக்காரர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மனதுக்குள் எடிட் செய்துவிடுவார். இந்தக் காட்சி முதலில், அது அடுத்து, இது வேண்டாம் என்று. இப்போது மாணவர் கையில் இருக்கும் மொபைலில் மணிக்கணக்கில் இடம் இருக்கிறது. ஒன்றரை நிமிடச் செய்திக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துவருகிறார்கள். ஃபிலிம் கற்றுக்கொடுத்த சிக்கனத்தை இனி எங்கே போய்த் தேடுவது? தான் எடுத்த அந்த ஒன்றரை மணி நேரத்தையும் தானே உட்கார்ந்து பார்க்க வேண்டிய தண்டனையில்தான்.

ஒரு மாணவியின் அனுபவத்தைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு படிப்பவர். மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி ஒன்றரை நிமிடத்தில் ஒரு செய்தி செய்ய வேண்டும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருக்குகிற காலம் என்பதால் இந்தத் தடை. நாட்டுப் படகுகளுக்கு இது கிடையாது. விவரம் எல்லாம் சரியாகத் தெரிந்துகொண்டுதான் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். வரிசையாக நிற்கும் படகுகள், பறக்கும் காக்கை, வெறிச்சோடிய ஏலக்கூடம், ஒரு படகுக்காரரின் பேட்டி. எல்லாம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினார்.

எடிட்டில் உட்கார்ந்ததும் சந்தோஷம் கரைந்தது. கேமராவை இடமிருந்து வலம் திருப்பித் திருப்பி எடுத்திருந்தார். ஒன்றுகூட ஐந்து வினாடி அசையாமல் நிற்கவில்லை. வெட்டுவதற்கு இடமே இல்லை. ஏலக்கூடத்துக் காட்சிகளில் பட்டை பட்டையாக இருட்டு ஓடுகிறது. இது நம் ஊரில் எல்லோரும் படும் பாடு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பல மொபைல்கள் வாங்கும்போதே வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம் என்று வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் டியூப்லைட் வெளிச்சம் துடிக்கிறது. 25 ஃபிரேமுக்கு மாற்றி, ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் விழும் நேரமான ஷட்டரை வினாடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்தால் தீர்ந்தது. இதை வகுப்பில் நான் சொல்லியிருக்கிறேன், நோட்டிலும் எழுதியிருக்கிறார். தன் படத்தில் பட்டை ஓடிய பிறகுதான் அது மண்டையில் ஏறியது.

பேட்டியில் இன்னொரு சிக்கல். படகுக்காரர் பேசப் பேச, இவர் "ம்ம், ஆமாண்ணா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நேரில் அது மரியாதை. ஒலிப்பதிவில் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு "ம்ம்" ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தெடுக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டப் பழக வேண்டும். போதாக்குறைக்குக் கடல் காற்று. காலர் மைக்கில் ஒரு பஞ்சு உறைகூட மாட்டாமல் போனால் பேட்டி முழுக்கப் புஸ் புஸ் என்றுதான் கேட்கும்.

வானொலியில் வந்து வீடியோவைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இனிமேல் சொல்லப்போவது உங்களுக்கானதுதான். அந்த மாணவி ஹெட்போன் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினார். படகுகளை வரிசையாக எடுத்த ஒரு காட்சியில், கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசும் குரல்: "இன்னா பாப்பா, படகயே எடுத்துனு போறியே, எங்கள எடுக்க மாட்டியா?" பக்கத்தில் சிலர் சிரிக்கும் சத்தம். எடுக்கும்போது அது அவர் காதில் விழவே இல்லை. கண் முழுக்கத் திரையில் இருந்தது.

அடுத்த நாள் விடியற்காலையில் மறுபடி போனார். முதலில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அங்கே கேட்காமல் கேமராவைத் தூக்கினால் வசவு நிச்சயம், அது நியாயமும்கூட. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அனுமதி கேட்டு, அப்புறம் எடுத்தார். தரையில் விரிந்து கிடக்கும் வலை முழுவதும் ஒரு காட்சி. பின்னுகிறவர் இடுப்புக்கு மேலே ஒன்று. கிழிசலுக்குள் நுழைந்து வெளியே வரும் ஊசியும் விரல்களும் மட்டும் ஒன்று. அப்புறம் அவர் முகம். ஒவ்வொன்றும் பத்து வினாடி, கேமரா அசையாமல். பக்கத்தில் ஒருவர் படகுப் பலகையின் இடுக்கில் பஞ்சைத் திணித்து உளியால் தட்டுகிறார். அந்தத் தட்டும் சத்தத்தை மட்டும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்தார். செய்தியில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அடியில் அந்தச் சத்தம் அறுபடாமல் ஓடினால், பார்ப்பவருக்கு வெட்டியதே தெரியாது. இந்த வேலையில் ஒலி அப்படிக் காப்பாற்றும்.

கேள்வியும் மாறியது. முதல் நாள், "கஷ்டமா இருக்காண்ணா?" பதில், "ஆமாம்மா." அவ்வளவுதான், கதை முடிந்தது. மறுநாள், "காலைல எழுந்ததும் என்னண்ணா பண்ணுவீங்க?" உடனே பேச்சு கொட்டியது. எஞ்சின் பழுது, பெயின்ட் செலவு, அதற்கு வாங்கும் வட்டிப் பணம், தடைக்கால நிவாரணம் எத்தனை நாளைக்குக் காணும் என்பது வரை. நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனதை ஒருவர் சொன்னார். மாணவி அதை அப்படியே போடாமல் அரசு அறிவிப்போடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தார். இது நான் சொல்லாமலே செய்தது. எனக்கு உள்ளுக்குள் ரொம்பப் பெருமை, அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு எழுத்து. முதலில் எழுதிய வரி இப்படி இருந்தது: "காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏராளமான விசைப்படகுகள் கரையில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன." அதைத்தான் படம் காட்டுகிறதே, வாயால் வேறு எதற்கு? படத்தில் இல்லாததைச் சொல்ல வேண்டும். திருத்திய பிறகு, "61 நாள் கடல் கிடையாது. படகுக்கு வைத்தியம் பார்க்கக் கிடைப்பது இந்த நாட்கள்தான்" என்று ஆனது. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். வாக்கியம் நீண்டுவிட்டால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் படம் வேறு எங்கோ போய்விடுகிறது. அதனால் வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதச் சொல்வேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே முற்றுப்புள்ளி.

இன்டர்ன்ஷிப் பற்றியும் ஒரு வார்த்தை. டீ வாங்கிவரச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் குறைப்படுவது உண்டு. சில இடங்களில் அது உண்மைதான், சரியும் இல்லை. ஆனால் "பைட்டெல்லாம் டைப் பண்ணிக் கொடு" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். பைட் என்றால் பேட்டித் துண்டு. பிறர் எடுத்த பேட்டியை வரி வரியாக எழுதும்போதுதான், எந்தக் கேள்விக்குப் பதில் வந்தது, எந்தக் கேள்வி வீணாய்ப் போனது என்று தெரியும். கல்லூரிகளின் கதை வேறு. விலை உயர்ந்த கேமராவை வாங்கி, பீரோவில் பூட்டி, சாவியை ஆடிட்டுக்கு மட்டும் எடுக்கும் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். அந்தக் கேமரா மூன்று வருடத்தில் பழசாகிவிடும், ஒரு மாணவரும் தொடாமலே.

தெருவில் இறங்கும் மாணவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், வீடு, பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது 2012-இன் போக்சோ சட்டம், 23-ஆம் பிரிவு. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலைக் காட்டினாலும் அது காட்டிக்கொடுப்பதுதான். இதை எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. எடுக்காமலே வருவது நல்லது. அப்புறம், வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ. சென்னையில் பெரிய மழை வந்தால் 2015 டிசம்பர் வெள்ளக் காட்சிகள் புதுசு போல மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். கடைப் பலகை, சுவரொட்டி, மேம்பாலத்தூண், பேருந்தின் நிறம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். அதற்கும் எடிட் மேசைக் கண்தான் வேண்டும்.

காசிமேட்டுச் செய்திக்கு வருகிறேன். அந்த மாணவி ஒன்றரை நிமிடம் கச்சிதமாக முடித்து, தெரிந்த ஒரு செய்தி ஆசிரியரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, எழுபது செகண்டுக்குக் குறைச்சிக் கொடு" என்றார். மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த இருபது வினாடியை எடுப்பது என்று என்னிடம் கேட்டு வந்தார். நான் சொல்லவில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து, தான் ஆசைப்பட்டு எடுத்த சூரிய உதயத்தையும் தன் முகம் வரும் பகுதியையும் எடுத்துவிட்டு, உளிச் சத்தத்தை வைத்துக்கொண்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள், வருகிற சனிக்கிழமை உங்கள் தெரு ரேஷன் கடைக்குப் போங்கள். கடைக்காரரிடமும் வரிசையில் நிற்பவர்களிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். மொபைல் போதும், சில நூறு ரூபாய் காலர் மைக் போதும். மொத்தமே பத்து காட்சி, அதற்கு மேல் கிடையாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவே எடிட் செய்துவிடுங்கள். எந்தக் காட்சி இல்லையே என்று தவிக்கிறீர்களோ, ஞாயிற்றுக்கிழமை அதை எடுக்கலாம் என்று பார்த்தால் கடை பூட்டியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அது மனதில் இருக்கட்டும்.

வணக்கம்.