நொதியம் சாகுமா?

அவைத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையிலும் முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, அதிபர்களே, அறுவடை வேலையை ஒருநாள் ஒத்திவைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மங்கல விளக்கேற்றிய பெரியவருக்கும், கிளிநொச்சியிலிருந்து கிறவல் வீதியில் என்னைப் பக்குவமாக அழைத்து வந்த பழைய மாணவர்களுக்கும் என் நன்றி.

‘நொதியம்’ என்ற சொல்லின் பிறப்பு, பொருள், வழக்கு ஆகிய மூன்றையும் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். செருமானிய உடற்றொழிலியலாளர் வில்லெம் கூனே 1870களின் பிற்பகுதியில் நொதியத்துக்கு ‘என்சைம்’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதற்கு ‘மதுவத்தினுள்’, அதாவது ஈஸ்ட்டினுள், என்பது பொருள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி டாக்டர் கிறீன் 1873இல் தாயகம் திரும்பியபோது இச்சொல் பிறந்திருக்கவில்லை. நம்மவர் நொதித்தலிலிருந்து நொதியத்தை ஆக்கினர். தமிழகத்தார் நொதி என்பர். முட்டியில் கள் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்த வன்னிப் பிள்ளைக்கு இது அந்நியச் சொல்லே அன்று.

உயிர்க்கலத்தில் நிகழும் இரசாயனத் தாக்கங்கள் தொடங்கத் தேவையான ஏவற்சக்தியைக் குறைத்து, அவற்றின் வேகத்தைக் கூட்டி, தான் செலவாகாமல் எஞ்சும் ஊக்கியே நொதியம், பெரும்பாலானவை புரதங்கள். இந்த வரைவிலக்கணத்தை நம் பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவிப்பார்கள். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மீள்குடியேறிய 2010ஆம் ஆண்டில், தறப்பாள் கொட்டகையொன்றில் நான் விஞ்ஞானம் கற்பித்தேன். சோதனைக் குழாய் இல்லை. கழுவிய மருந்துப் போத்தல்கள் இருந்தன. ஒருவர் வீட்டிலிருந்து சோற்றுக் கஞ்சி வந்தது. காயத்துக்குப் பூசும் அயடீன் என் பையில் இருந்தது. நீர்த்த கஞ்சியில் ஒரு துளி விட்டதும் கருநீலம் படர்ந்தது, கஞ்சியில் மாப்பொருள் இருப்பதன் அடையாளம் அது. ஒரு போத்தலில் உமிழ்நீரைக் கலந்து, கைச்சூட்டிலேயே வைத்திருந்தோம். உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளைச் சிதைக்க, சற்று நேரத்தில் நீலம் மெல்ல மெல்ல வெளிறியது. பின்வாங்கிலிருந்தவர்கள் எழுந்து வந்து தலைகளை மோதிக்கொண்டு பார்த்தார்கள். இன்னொன்றில் கொதிக்க வைத்த உமிழ்நீரைக் கலந்தோம். நீலம் அசையவில்லை. அப்போது ஒரு சிறுமி, “சேர், நொதியம் செத்துப்போச்சுது” என்றாள்.

அவள் சொன்னதில்தான் பாடமே இருந்தது. உயிரில்லாதது எப்படிச் சாகும்? 1897இல் செருமானிய இரசாயனவியலாளர் எடுவார்ட் பூக்னர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிருள்ள கலம் ஒன்றுமில்லாத சாற்றில் சீனியைக் கரைத்தார், அது நொதித்தது. 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மதுவம் நுண்ணங்கி, அது சாகும். நொதியம் அதனுள் இருக்கும் பொருள், கடும் வெப்பத்தில் அதன் வடிவம் குலையும், தொழில் நின்றுவிடும். ஆகவே விடைத்தாளில் ‘நொதியம் இறந்தது’ என்று எழுதுவது பிழை. ‘இயல்பை இழந்தது’ என்பதே சரியான வழக்கு. அந்தச் சிறுமிக்கு இதை நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் போத்தல் அவள் கையிலேயே இருந்தது.

பணிப்பாளர் அவர்கள் இருக்கும்போதே வேண்டுகிறேன். உட்கிராமப் பாடசாலைகளில் ஆய்வுகூடம் என்று பெயர்ப்பலகை தொங்கும் அறைகளில் உடைந்த கதிரைகள் அடுக்கப்பட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளை விடியலில் பஸ் ஏறி நகருக்குப் போகிறது. பஸ் வராத நாளில் வீட்டிலிருந்து ஏட்டுச் சுரைக்காயை மனனம் செய்கிறது. பெரிய கட்டடம் கேட்கவில்லை. கதிரைகளை அகற்றி, நீர்க்குழாய் பூட்டிய ஒரு மேசையும், இருபது சோதனைக் குழாய்களும், ஒரு போத்தல் அயடீனும் அடுத்த தவணை தொடங்குமுன் தாருங்கள். கஞ்சியை நாங்கள் கொண்டுவருகிறோம்.