மெல்ல வைத்துக் கேட்கும் சுகம்

வணக்கம் நேயர்களே.

ஹெட்போனைப் பற்றி வானொலியில் பேசுவது பொருத்தமான காரியம்தான். இரண்டும் சேர்ந்து வளர்ந்தவை. 1910 வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்களைச் செய்தார். அவற்றை அந்நாட்டுக் கடற்படை கம்பியில்லாத் தந்திக்காக வாங்கிக்கொண்டது. சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிய 1924-இல், உலகெங்கும் எளிய மக்களின் வானொலி என்றால் கிரிஸ்டல் செட்தான். அதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஆனால் ஒரு ஸ்பீக்கரை ஒலிக்க வைக்கும் வலு அதற்குக் கிடையாது. காதில் மாட்டித்தான் கேட்டாக வேண்டும்.

இன்று நான் பேச வந்தது வேறு வகை ஹெட்போன். பஸ்ஸிலும் ரயிலிலும் போட்டுக்கொள்வது அல்ல. வீட்டில், நாற்காலியில் சாய்ந்து, பாட்டை மட்டும் கேட்பதற்கென்று வாங்குவது. இருபதாயிரம், முப்பதாயிரம் என்று விலை ஆரம்பிக்கும், லட்சங்களிலும் போகும். இவ்வளவு பணத்துக்கு அப்படி என்ன கிடைத்துவிடும் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதிக சத்தம் கிடைக்கும் என்றோ, பேஸ் நெஞ்சில் அடிக்கும் என்றோ பதில் சொன்னால் அது தப்பு. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்க முடிகிறது, அதுதான் பதில்.

விளக்கிச் சொல்கிறேன். மலிவான ஹெட்போன்கள் பலவற்றில் ஒலி சமமாக வராது. கீழ் சுரங்கள் வீங்கியிருக்கும், பாடகரின் குரல் பள்ளத்தில் கிடக்கும், ஜால்ராவும் சிம்பலும் ஊசியாகக் குத்தும். குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று நாம் வால்யூமை ஏற்றுவோம். குரலோடு சேர்ந்து குத்தலும் ஏறும். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். நன்றாகச் செய்த ஹெட்போனில் குரலும் தம்பூராவும் மிருதங்கமும் தம் அளவில் இருப்பதால், வால்யூமை ஏற்றவே தோன்றாது. இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினாலும் காதில் இரைச்சல் இருக்காது.

இதில் உடல்நலக் கணக்கும் இருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி என்றால் வாரம் 40 மணி நேரம் வரை பரவாயில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. ஏறுவது சின்ன எண்ணாகத் தெரியும், போகிற நேரமோ பெரிது. பிள்ளைகளுக்கு இந்த வரம்பு இன்னும் கீழே, 75 டெசிபல்.

மெல்ல வைத்தால் பேஸ் காணாமல் போகிறதே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மை. ஒலி தாழத் தாழ, கீழ் சுரங்களை நம் காது மற்றவற்றைவிடக் குறைவாகவே வாங்கும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அதனால் தாழ்ந்த ஒலியில் கேட்கும்போது ஈக்வலைசரில், அதாவது கீழ் சுரம் மேல் சுரம் என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியில், பேஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதில் எந்தப் பாவமும் இல்லை. ஈக்வலைசரைத் தொட்டாலே முகம் சுளிக்கும் ரசிகர்கள் உண்டு. அவர்களை விடுங்கள்.

சரி, எந்த வகை வாங்குவது? வீட்டுக்கு என்றால் என் ஓட்டு ஓப்பன் பேக் ஹெட்போனுக்குத்தான். அதாவது, கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருக்காது, வலைபோல் திறந்திருக்கும். உள்ளே அதிரும் சவ்வின் பின்பக்க ஒலி சுவரில் மோதித் திரும்பாமல் வெளியே போய்விடும். அதனால் இசை தலைக்குள் அடைபட்ட மாதிரி தோன்றாது, கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கும். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த எச்டி 414தான் இந்த வழியைத் திறந்தது. மஞ்சள் பஞ்சு வைத்த, எடை குறைந்த, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரியான பொருள். அதே நிறுவனம் 1997-இல் விட்ட எச்டி 600 இன்னும் விற்பனையில் இருக்கிறது. மின்னணுப் பொருளில் இப்படி ஒரு ஆயுளை வேறெங்கே பார்க்கிறோம்? எடை 260 கிராம். காதைச் சுற்றி அமரும் மெத்தையான பேட், கேபிள், தலைப்பஞ்சு எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும், மாற்றிக்கொள்ளலாம். நான் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். மனிதக் குரலை இவ்வளவு இயல்பாகத் தருகிற ஹெட்போன்கள், இதைவிடப் பல மடங்கு விலையிலும் குறைவு.

ஓப்பன் பேக்கில் ஒரு சங்கடம் உண்டு. உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், பக்கத்து அறை சீரியல் உங்களுக்கும் கேட்கும். நம் வீடுகளில் மின்விசிறி, மிக்ஸி, குக்கர் விசில் என்று ஒலிக்குக் குறைவில்லை. மின்விசிறிச் சத்தம் ஒரே சீராக ஓடுவதால் கொஞ்ச நேரத்தில் மனது அதை ஒதுக்கிவிடும். மற்றதை ஒதுக்காது. ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு அடங்குமானால் ஓப்பன் பேக் வாங்கலாம். இல்லையென்றால் கிண்ணம் மூடிய குளோஸ்டு பேக்கே மேல். காற்றோட்டத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். அப்புறம் நம் ஊர் வெயில். செயற்கைத் தோல் பேட் ஏப்ரல், மே மாதங்களில் காதைச் சுற்றி வேர்த்து ஒழுகும். வெல்வெட் மாதிரித் துணி பேட் கொஞ்சம் ஆறுதல்.

உள்ளே இருந்து ஒலியை எழுப்பும் பாகத்துக்கு டிரைவர் என்று பெயர், அதில் மூன்று வகை. பெரும்பாலானவை சுருள்கம்பியும் கூம்பும் வைத்த டைனமிக் வகை. இரண்டாவது பிளானர். அதில் மெல்லிய படலம் முழுவதும் கம்பித் தடம் ஓடும். காந்தங்களின் நடுவில் படலம் மொத்தமாக அசையும். பேஸ் ஆழமாகவும் கட்டுக்கோப்பாகவும் வரும், ஆனால் காந்தங்களால் சில மாடல்கள் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். மூன்றாவது எலெக்ட்ரோஸ்டாடிக். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-இலேயே இதைச் செய்தது. மின்னேற்றிய படலம் இரண்டு துளைத்தகடுகளுக்கு நடுவே தொங்கும். அதற்கு 580 வோல்ட் வரை தர வேண்டியிருப்பதால் தனிக் கருவி இல்லாமல் பாடாது. வீணையில் விரல் மெட்டின் மேல் வழுக்குவதைக் கேட்க இதைப்போல் வேறில்லை. இதன் உச்சி சென்ஹைசரின் எச்ஈ 1: ஒலிச் சைகையைப் பெருக்கித் தரும் ஆம்ப் பளிங்குக் கல்லில், அறிமுகமானபோது விலை ஏறத்தாழ 50,000 யூரோ. பார்த்து மகிழலாம்.

விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு பற்றி ஒரு தகவல். அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. 283 ஹெட்போன்களை அளந்துபார்த்ததில், ஒலி எவ்வளவு சமமாக வருகிறது என்பதற்கும் விற்பனை விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. விலை உயர்ந்ததெல்லாம் ஏமாற்று என்று இதற்கு அர்த்தமில்லை. உழைப்பு, பொருத்தம், உதிரிப்பாகம், நுணுக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை. ஆனால் விலைச்சீட்டைப் பார்த்து ஒலியை ஊகிக்காதீர்கள்.

ஆம்ப் விஷயத்தில் கடைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். ஹெட்போனின் மின்தடை 300 ஓம் என்றால் பெரிய ஆம்ப் இல்லாமல் ஓடாது என்பார்கள். கணக்கைப் பாருங்கள். அதே 300 ஓம் கொண்ட எச்டி 600 ஒரு வோல்ட்டில் 97 டெசிபல் தரும். போனில் செருகுகிற ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிளே ஒரு வோல்ட் அளவில் கொடுத்துவிடும். மெல்லக் கேட்கிறவருக்கு அது போதும். மிகத் தாழ்வாகப் பதிவான கச்சேரிகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வலு வேண்டியிருக்கும், அதற்கும் நடுத்தர விலை ஆம்ப் தாராளம். சில பிளானர்கள் அப்படியில்லை, நிறைய மின்னோட்டம் கேட்கும். அங்கே நல்ல ஆம்ப் அவசியம். பத்தாயிரம் ரூபாய் கேபிளைப் பற்றி என் அபிப்பிராயம்: அந்தப் பணத்துக்கு இசை வாங்குங்கள். 40,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று அட்டையில் அச்சடித்திருப்பதையும் பொருட்படுத்த வேண்டாம். இளங்காதே 20,000 வரைதான். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 12,000-ஐத் தாண்டுவதே கஷ்டம்.

கடையில் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு ஹெட்போன்களில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே நல்லதாகத் தோன்றும். மனிதக் காதின் பலவீனம் அது. ஆகவே மாற்றி மாற்றிக் கேட்கும்போது இரண்டின் ஒலியளவையும் காதால் சமப்படுத்திக்கொள்ளுங்கள். நன்கு பழகிய பாட்டையே போடுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யவும் கூடாது. தலைக்கு மேல் அழுத்துகிறதா, தாடையைப் பிடிக்கிறதா என்பதெல்லாம் அரை மணிக்குப் பிறகுதான் தெரியும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே சோதியுங்கள். கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கினால் இடைவெளி விழும், குளோஸ்டு பேக்கில் பேஸ் பாதி கசிந்துவிடும். அடுத்தவர் விமர்சனத்தை முழுக்க நம்புவதற்கில்லை என்பதற்கும் காது மடலே காரணம். ஒவ்வொருவர் மடலின் வளைவும் வேறு. மேல் சுரங்கள் அதற்குத் தக்கபடி மாறித்தான் உள்ளே போகும்.

இனி கேட்பதைப் பற்றி. ஸ்டீரியோ இசையை ஸ்பீக்கருக்காகத்தான் பெரும்பாலும் கலக்கிறார்கள். ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் எட்டும். ஹெட்போனில் எட்டாது. ஸ்டீரியோ வந்த புதிதில் வெளியான பதிவுகள் சிலவற்றில் தாளம் முழுக்க ஒரு காதிலும் வயலின்கள் முழுக்க மறு காதிலும் நிற்கும். கேட்கத் தலை ஒரு பக்கம் கனப்பதுபோல் இருக்கும். கிராஸ்ஃபீட் என்றொரு வசதி சில ஆம்ப்களிலும் மென்பொருள்களிலும் இருக்கிறது. அது இரண்டையும் லேசாகக் கலந்துவிடும். பழைய சினிமாப் பாட்டுகள் மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி. நட்ட நடு மண்டையில் ஒலிக்கும். பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது. ஒரே மைக்கைச் சுற்றி வாத்தியக்காரர்கள் தள்ளியும் நெருங்கியும் உட்கார்ந்திருந்த தூரம் மோனோவிலும் தெரிகிறது. குரலுக்குப் பின்னால் புல்லாங்குழல் எவ்வளவு தள்ளி இருந்தது என்பதை ஊகித்துக்கொண்டே கேட்கலாம்.

கச்சேரிப் பதிவுகளில்தான் கொடுத்த காசு முழுசாகத் திரும்பி வருகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் வரும் கும்கி வெறும் ‘தும்’ என்று நிற்காமல் மேலே ஏறி வளைவது தெரியும். பாடகர் மேல் சஞ்சாரத்துக்கு முன் இழுக்கும் மூச்சு, வயலின் வில் திரும்பும் இடம், சபையில் யாரோ தாளம் போடும் தொடைத் தட்டல் எல்லாம் வந்து சேரும். மோசமான பதிவும் தன் மோசத்தை அப்படியே காட்டும், அதற்குத் தயாராக இருங்கள். இணையத்தில் யாரோ நாலு முறை நகலெடுத்து ஏற்றியதை இதில் கேட்டால், தம்பூரா தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் இருக்கும். குற்றம் ஹெட்போனுடையது அல்ல.

கடைசியாகப் பராமரிப்பு. பேட் இரண்டு மூன்று வருடத்தில் தட்டையாகிவிடும். அப்போது டிரைவர் காதுக்கு நெருங்கிவந்து ஒலியே மாறிப்போகும். பலர் ஹெட்போன் பழசாகிவிட்டது என்று புதிது வாங்கக் கிளம்புவது அந்தச் சமயத்தில்தான். புது பேட் மாட்டிப் பாருங்கள். வாங்கும்போதே அந்த மாடலுக்கு பேட் இங்கே கிடைக்குமா, என்ன விலை என்று விசாரித்துவிடுங்கள். கிடைக்காது என்றால், எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் நான் வாங்கமாட்டேன்.

இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.