இடுப்பு ஊசியா, ஸ்டென்ட் மாத்திரையா? தங்கச்சிமடத்திலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி தங்கச்சிமடத்திலிருந்து வந்திருக்கிறது. ஒரு சகோதரி தன் வீட்டுக்காரருக்காகக் கேட்டிருக்கிறார். சுருக்கமாகப் படிக்கிறேன்.

"அவருக்கு 48 வயது. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இரண்டரை மாதமாக இடுப்பிலிருந்து வலது கால் பெருவிரல் வரைக்கும் இழுக்கிறது. ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்திருக்கிறது. மதுரையில் பார்த்த டாக்டர் முதுகில் எபிடியூரல் ஊசி போடலாம் என்கிறார். என் நாத்தனார், அந்த ஊசி போட்டால் கால் விழுந்துவிடும், போடவே கூடாது என்கிறார். இவரோ மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் போட்டுவிட்டால் ஜூன் 15-ஆம் தேதி கடலுக்குப் போய்விடலாம் என்று நிற்கிறார். போடலாமா டாக்டர்? அவருக்குச் சுகர் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அதற்கும் மாத்திரை சாப்பிடுகிறார்."

அம்மா, நீங்கள் கடைசியாக எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டென்ட், அதாவது இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய், வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோகிரெல் அல்லது டிகாகிரெலார் என்று இரண்டாவது மாத்திரை ஒன்றும் கொடுப்பார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிடாமல் காப்பது இந்த இரண்டும்தான். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாக 12 மாதம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். உங்கள் வீட்டுக்காரர் எட்டாவது மாதத்தில் இருக்கிறார்.

இப்போது ஊசிப் பக்கம் வாருங்கள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே ஒரு குறுகிய இடம் இருக்கிறது. எபிடியூரல் ஊசியின் முனை அங்கேதான் போகிறது. அந்த இடத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைய. ஊசி அதில் ஒன்றைக் கீறினால் சாதாரணமாக ரத்தம் தானே உறைந்து நின்றுவிடும். க்ளோபிடோகிரெல் உடம்பில் இருந்தால் நிற்காமல் கசியலாம். கசிந்த ரத்தம் அங்கேயே கட்டி நரம்பை அழுத்தினால் கால் பலம் போகும், சிறுநீர் கட்டிக்கொள்ளும், சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தேவைப்படும். இது அரிது. ஆனாலும் இதற்குப் பயந்துதான் க்ளோபிடோகிரெலைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? ஸ்டென்ட் அடைத்துக்கொள்ள வழி பிறக்கும். அது இன்னொரு மாரடைப்பு. முதல் மாரடைப்பில் பிழைத்தவர் இரண்டாவதிலும் பிழைப்பார் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆக, உங்கள் நாத்தனார் பயப்படுகிற ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து இவருக்கு இந்த மாத்திரையில் இருக்கிறது. நிறுத்தாமல் ஊசி போட்டாலும் ஆபத்து, நிறுத்திப் போட்டாலும் ஆபத்து. எப்போது நிறுத்தலாம், நிறுத்தலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர். ஊசி போடும் மருத்துவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து எடுக்கவே கூடாது. மதுரை மருத்துவரிடம் ஸ்டென்ட் விஷயத்தைச் சொன்னீர்களா என்று கேள்வியில் இல்லை. எலும்பு டாக்டரிடம் இதயத்தைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று நம் மக்கள் விட்டுவிடுவது உண்டு. சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.

சரி, மாத்திரைச் சிக்கலை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஊசி என்ன செய்யும் என்று பார்ப்போம்.

வலியில் இரண்டு வகை இருக்கிறது. இடுப்போடு நிற்கும் வலி ஒன்று. புட்டத்தில் தொடங்கி தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல இழுக்கும் வலி இன்னொன்று. எபிடியூரல் ஊசிக்குக் கொஞ்சமாவது வேலை இருப்பது இரண்டாவதில். ஜவ்வு பிதுங்கிய இடத்தில் நரம்பைச் சுற்றி வீக்கம் இருக்கும், அந்த வீக்கத்தை ஊசியில் உள்ள ஸ்டீராய்டு மருந்து தணிக்கும். வெறும் இடுப்புவலிக்கு இந்த ஊசியால் பெரிய பயன் கிடையாது. அப்படி இருந்தும் இடுப்புவலி என்றாலே ஊசி போடச் சொல்வதை நான் பார்க்கிறேன். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருப்பது மட்டும் காரணம் ஆகாது. வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தால் 100-ல் 60 பேருக்கு ஜவ்வு பிதுங்கல் தெரியும் என்று 2015-ல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்குப் பெருவிரல் வரை இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நரம்பு வலியின் அடையாளம். அந்த அளவில் மதுரை மருத்துவர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் பலன் எவ்வளவு? காலுக்கு இழுக்கும் வலிக்கு இந்த ஊசி போட்டுப் பார்த்த 25 ஆய்வுகளைச் சேர்த்து 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. வலியை 0 முதல் 100 வரை அளந்தால், ஸ்டீராய்டு இல்லாத பொய் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 5 புள்ளி குறைவு. அதுவும் முதல் சில வாரங்களுக்கு. இது சராசரிதான். ஒருவருக்கு நல்ல விடுதலை கிடைக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2025-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலிக்கும் கால்வலிக்கும் இந்த ஊசிகள் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. வலி சிகிச்சை மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. புதிதாக வந்த, தாங்க முடியாத கால்வலிக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் இடம் தருகிறது. நான் இந்த ஊசியைச் சில வாரம் நடமாட வைக்கும் உதவி என்று பார்க்கிறேன். பிதுங்கிய ஜவ்வை அது உள்ளே தள்ளாது.

அப்புறம் உங்கள் நாத்தனார் சொன்னது. கால் விழுந்துபோனவர்கள் உலகத்தில் உண்டு. அவர் இல்லாததைச் சொல்லவில்லை. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசியால் அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், நிரந்தர முடக்கம், மரணம் வரை ஏற்பட்டிருக்கிறது என்று எச்சரித்தது. காரணம் தெரிந்தால் பயத்தை அளந்து பார்க்கலாம். ட்ரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளில் நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. நரம்பு வெளிவரும் பக்கவாட்டுத் துவாரம் வழியாக ஊசி போடும்போது, தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் மருந்து தவறிப் போய்விட்டால், வாய்க்கால் மதகில் மணல் சேர்ந்தது போல அந்தத் துகள்கள் அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத தண்டுவடம் செத்துவிடும். கழுத்தில் போடும் ஊசியில் இந்த ஆபத்து அதிகம். கீழ் இடுப்பில் மிகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டில் துகள் கிடையாது. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே, முதலில் சாய மருந்தைச் செலுத்தி அது ரத்தக்குழாய்க்குள் போகவில்லை என்று பார்த்த பிறகு ஸ்டீராய்டைச் செலுத்தினால் ஆபத்து இன்னும் குறையும். திரையே இல்லாமல் கைத்தடவலில் போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

2012-ல் அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரே மருந்துக் கூடத்தில் தயாரான ஸ்டீராய்டில் பூஞ்சை கலந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களில் 750 பேருக்கு மேல் நோய் கண்டது, மூளைக் காய்ச்சலும் மற்ற தொற்றுமாக 60 பேருக்கு மேல் இறந்தார்கள். போட்டவர்களின் கையில் குறையில்லை, மருந்துக் குப்பியில் குறை. அதனால் ஒருவருக்கு மட்டும் பயன்படும் குப்பியை, முத்திரையோடு, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இதோடு சேர்த்துப் பெண்கள் பலர் கேட்கும் ஒன்று: சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதால்தான் எனக்கு வருஷக்கணக்காக இடுப்புவலியா? அது மரத்துப்போவதற்கான ஊசி, இது வேறு. அந்த ஊசியால் நீண்டகால இடுப்புவலி வருகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

சுகர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீராய்டு போட்ட மறுநாளே சர்க்கரை ஏறத் தொடங்கும், பல நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஏறியே நிற்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது போட்டால் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். முதுகுக்குள் சீழ் பிடித்தால் அது சின்ன விஷயம் இல்லை. ஊசி முனை உறையைத் துளைத்துவிட்டால் உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரி என்று ஒரு வகைத் தலைவலி வரும். அது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும்.

ஊசி வேண்டாம் என்று விட்டுவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்காதீர்கள். பாம்பனிலிருந்து சாயல்குடி வரைக்கும் எந்த மருந்துக் கடையிலும் வலி மாத்திரை கேட்டால் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ கிடைக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு அது ஆகாது. இதயத்துக்குக் கெடுதல், க்ளோபிடோகிரெலோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, சுகர் இருப்பவருக்குச் சிறுநீரகத்துக்கும் கேடு. மூன்று பக்கமும் அடி. இரண்டரை மாதமாக அவர் எதைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார் என்று பாருங்கள். பேர் தெரியாத பொட்டலத்தில் கொடுக்கும் மாத்திரை என்றால் அதில் ஸ்டீராய்டே இருக்கலாம்.

இனி ஜூன் 15. இந்தக் கேள்வியில் எனக்கு மனசு கனத்தது இங்கேதான். 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல், கடன் ஏறி, முதல் நாளே படகு ஏறிவிட வேண்டும் என்று ஒரு மனிதர் துடிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஊசி போட்டு வலி தெரியாமல் ஆன இடுப்போடு வலை இழுக்கவும் ஐஸ் பெட்டி தூக்கவும் போனால், பிதுங்கிய ஜவ்வு இன்னும் பிதுங்கும். கடலுக்குள் கால் மரத்துப்போனால் கரைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊசியே போட்டாலும் முதல் சில வாரம் அந்த வேலை கூடாது. படகு உரிமையாளரிடம் பேசி, கரையில் வலை பழுது பார்ப்பது மாதிரி கனம் தூக்காத வேலை கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

என்னைக் கேட்டால், இவருக்கு இப்போது ஊசி வேண்டாம். பிதுங்கிய ஜவ்வு பலருக்குத் தானாகவே சுருங்கும், கால்வலி பெரும்பாலோருக்கு சில மாதத்துக்குள் குறைந்துவிடும். அந்த நாட்களில் படுத்தே கிடக்கக் கூடாது. தாங்கும் அளவுக்கு நடக்கட்டும், குனிந்து தூக்காமல் இருக்கட்டும், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் பயிற்சியை நேரில் கற்றுக்கொள்ளட்டும். வலிக்கு எந்த மாத்திரை என்பதை இதய மருத்துவரின் சீட்டைக் காட்டித்தான் எழுதி வாங்க வேண்டும்.

வாரம் ஒருமுறை அவரைக் குதிகாலால் நடக்கச் சொல்லிப் பாருங்கள். வலது பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, மலம் தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது பேச்சு ஊசியைப் பற்றி இல்லை, அவசர ஆபரேஷனைப் பற்றி. மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தெரியாமல் ஸ்டீராய்டு போட்டால் அது பரவும்.

வலி தாங்கவே முடியவில்லை, இதய மருத்துவரும் மாத்திரையை நிறுத்த நாள் குறித்துக் கொடுத்துவிட்டார் என்றால் போட்டுக்கொள்ளலாம். அப்போது எந்த ஸ்டீராய்டு, எந்த வழியாக, திரை பார்த்தா என்று கேளுங்கள். மாத்திரையை மறுபடி எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள், அது மறந்துபோவதும் உயிருக்கு ஆபத்து. ஊசி போட்ட அன்றே பஸ் ஏறித் தங்கச்சிமடம் திரும்பாதீர்கள். அன்றிரவு மதுரையிலேயே தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். ரத்தம் கட்டிக் கால் பலம் குறைந்தால் பாம்பன் பாலம் தாண்டித் திரும்பிவர நேரம் இருக்காது. பிறகு வரும் நாட்களில் காய்ச்சலோ, முதுகுவலி கூடுவதோ இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

இதய மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எழுதி அனுப்புங்கள் அம்மா, அதை வைத்து மறுபடி பேசுவோம். அடுத்த கேள்வி தொண்டியிலிருந்து, முழங்கால் தேய்மானத்தைப் பற்றி.