தள்ளுபடிச் சரக்கா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒரு நூலை வேதமாக்குவது சபைத் தீர்ப்பா, மக்கள் வாசிப்பா? வாசிப்புதான். இது எங்கள் அணி.

கத்தோலிக்க வேதாகமத்தில் இருந்து, புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லாத பழைய யூத நூல்கள் சில உண்டு. அவற்றைப் பற்றி எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக். இவற்றுக்குத் தமிழில் பேரே தள்ளுபடி ஆகமங்கள். ஆடித் தள்ளுபடியில் எது போகும்? விற்காத சரக்கு!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஐயா, அந்த மூட்டையிலிருந்து சீராக்கை மட்டும் பிரிக்கிறேன். விற்காத சரக்கா என்று அவை சொல்லட்டும்.

யெருசலேமில் கி.மு. 180 வாக்கில் பென் சீரா எபிரேயத்தில் எழுதிய நூல் அது. திருநூலைத் தொட்டால் கை தீட்டு என்பது ரபிகளின், அதாவது யூத மத குருமாரின், சட்டம். பென் சீராவைத் தொட்டால் கை தீட்டாகாது என்றார்கள். அதாவது, திருநூல் இல்லை. தீர்ப்பு முடிந்தது. ஆனால் அதே ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்தில் பாபா காமா பகுதியைத் திறங்கள். 'பறவை தன் இனத்தோடு சேரும், மனிதன் தன்னைப் போன்றவனோடு சேருவான்' என்ற பென் சீராவின் வரியை, வேதத்தில் எழுதியிருக்கிறது என்றே மேற்கோள் காட்டுகிறார்கள்! தள்ளிய வீட்டிலேயே பந்தி போட்டிருக்கிறார்கள், நடுவரே!

பிறகு எபிரேய மூலம் கண்ணில் படாமல் போனது. கிரேக்கமும் பிற மொழிபெயர்ப்புகளும்தான் மிச்சம்.

1896 மே 13. கேம்பிரிட்ஜ். ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கிழக்கே போய் வாங்கி வந்த பழந்தாள்களில் ஒன்று, கசங்கிய ஒரே ஒரு தாள், யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் கையில். படிக்கிறார். எபிரேயம். மறுபடி படிக்கிறார். சீராக், 39-ஆம் அதிகாரம்! உடனே லூயிஸ் அம்மையாருக்குக் கடிதம்: நாளை வரை யாரிடமும் சொல்லாதீர்கள்! ஒரு தாள், நடுவரே. ஒரே ஒரு தாள்! அந்த மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கெய்ரோவுக்கே போய்விட்டார்.

அங்கே பென் எஸ்ரா என்ற யூத ஜெபக்கூடத்தில் கெனிசா என்றொரு அறை. கடவுள் பெயர் எழுதிய தாள் கிழிந்தாலும் எரிக்கக் கூடாது என்று போட்டுவைக்கும் அறை. கதவு கிடையாது, சுவரில் உயரத்தில் ஒரு துளை, ஏணி வைத்து ஏற வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் துணுக்குகளை அள்ளி வந்தார். அந்தக் கெனிசாவில் இருந்த சீராக் பிரதி ஒன்றா? ஆறு பிரதிகளின் ஏடுகள்! ஒன்றின் ஓரத்தில் பாடபேதங்கள்: எழுதியவர் வேறு பிரதியோடு ஒப்பிட்டிருக்கிறார். இன்னொன்று பிடித்த வரிகளை மட்டும் பொறுக்கிய தொகுப்பு. எல்லாம் தீர்ப்புக்குப் பல நூறு ஆண்டு கழித்து எழுதியவை. விற்காத சரக்கை யார் ஐயா உட்கார்ந்து பிரதி எடுப்பான்?

'போலி, பிற்காலத்தில் எபிரேயத்துக்குத் திருப்பியது' என்று ஆக்ஸ்போர்டு பேராசிரியர் மார்கோலியுத் வாதாடினார். 1964-இல் சாக்கடல் ஓரத்து மசாதா மலைக்கோட்டையில் தொல்லியலாளர் யாதின் குழு தோண்டியபோது ஒரு தோல் சுருள் கிடைத்தது. அதே சீராக், 39 முதல் 44 வரையிலான அதிகாரங்களின் பகுதிகள். கி.மு. முதல் நூற்றாண்டின் கையெழுத்து. கெனிசாத் தாள்களோடு பெரும்பாலும் ஒத்துப் போனது.

கத்தோலிக்கரின் ட்ரெண்ட் சங்கம் 1546-இல் இவற்றை வேதப் பட்டியலில் ஏற்றியது, லண்டன் வேதாகமச் சங்கம் 1826-இல் இவற்றை அச்சிடக் காசு தரமாட்டோம் என்றது. தீர்ப்புகள் ஏறும், இறங்கும்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம், நடுவரே.

இந்த நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவன் பென் சீராவின் பேரன். எகிப்தில் இருந்துகொண்டு, எபிரேயத்தின் வலு வேறு மொழியில் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்னுரையில் கேட்கிறான். தாத்தாவின் சொல் தன் கையில் சிதைந்துவிடுமோ என்ற பயம் அது. எந்தச் சபை அவனை உட்காரவைத்தது?

மசாதாவில் ரோமப் படை சூழ்ந்து நின்றது. உள்ளே இருந்த யூதக் கலகக்காரர்களுக்குத் தண்ணீரும் தானியமும்தானே முக்கியம்? அப்படிப்பட்ட இடத்துக்கு யாரோ ஒருவர் இந்தச் சுருளைச் சுமந்து ஏறியிருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தச் சுருளின் 44-ஆம் அதிகாரம் முன்னோரைப் புகழ்கிறது. நினைவே இல்லாமல், பிறக்காதவர் போல மறைந்தவர்களும் அவர்களில் உண்டு என்கிறது.