திலமுன் தீவின் எடைக்கல்லும் முத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பஹ்ரைன் தீவின் வடபாதி முழுக்க ஒருகாலத்தில் மண்ணும் கல்லும் குவித்த மேடுகள். எல்லாமே சமாதிகள், ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டு பழையவை. சாலைக்கும் குடியிருப்புக்கும் அழிந்தவை போக, 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடங்களில் மட்டும் 11,774 மேடுகள் இருக்கின்றன. ஆலி என்ற ஊரில் அரச குடும்பத்தாருக்குக் கட்டிய ஈரடுக்கு மேடுகளும் உண்டு. அவ்வூர்க் குயவர்கள் சில மேடுகளைக் குடைந்து சூளையே வைத்துவிட்டார்கள். காசில்லாமல் கிடைத்த சுவரை யார்தான் விடுவார்கள்?

இத்தனை சமாதிக்கு இந்தச் சின்னத் தீவில் ஆட்கள் ஏது, அக்கரையிலிருந்து பிணங்களைப் படகில் கொண்டுவந்து புதைத்திருப்பார்கள் என்றுதான் ஆய்வாளர்கள் சிலர் சொல்லிவந்தார்கள். 1953-இன் கடைசியில் பி. வி. குளோப், ஜெஃப்ரி பிபி ஆகியோரின் டென்மார்க் தொல்லியல் குழு வந்து தோண்டத் தொடங்கியது. கலாத் அல்-பஹ்ரைன் கோட்டை மேட்டின் அடியில் மதில் சூழ்ந்த ஒரு நகரம் இருந்தது. பார்பார் என்ற ஊரில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கோயில்கள், பக்கத்தில் ஊற்றுக்கிணறு, செம்பில் வார்த்த காளைத்தலை. ஆக, ஆட்கள் தீவிலேயே இருந்தார்கள்.

பண்டைய ஈராக்கின் சுமேரியர்கள் திலமுன் என்று எழுதிவைத்த நாடு இதுதான். என்கி என்ற கடவுள் அதற்கு நன்னீர் கொடுத்ததாக அவர்கள் கதையில் வரும். கதை சும்மா பிறக்கவில்லை. பஹ்ரைனைச் சுற்றிக் கடலுக்கு அடியிலேயே நன்னீர் ஊற்றுகள் இருந்தன. தோல்பையோடு மூழ்கிக் குடிநீர் பிடித்து வந்திருக்கிறார்கள். 'சொர்க்கத் தீவு' என்று தலைப்புப் போட இது போதும். எனக்கென்னவோ அந்தச் சொர்க்கத்தைவிட அங்கே நடந்த கணக்கு வழக்கில்தான் ஆர்வம்.

செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் செம்புத் தாது கிடையாது. 'மகன்' என்று அன்று பெயர் பெற்ற இன்றைய ஓமனிலிருந்து வந்து, திலமுன் வழியாக ஈராக்கில் இருந்த 'ஊர்' (Ur) என்ற நகரத்துக்குப் போனது. விளையாத பொருளுக்கு இந்தத் தீவு சந்தையானது எப்படி? நல்ல துறைமுகமும் தண்ணீரும் ஒரு காரணம். இன்னொன்று, தராசு. கோட்டை மேட்டில் கிடைத்த எடைக்கற்கள் அச்சு அசல் சிந்துவெளி எடைகள். ஏறக்குறைய 13.6 கிராம் அலகு. 'ஊர்' நகரக் களிமண் பலகை ஒன்றில் அதே செம்பைத் திலமுன் எடையிலும் அந்த நகரத்து எடையிலும் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். தீவின் ஆரம்பகால வட்ட முத்திரைகள் சிலவற்றில் சிந்துவெளிக் காளையும் எழுத்தும்கூட இருக்கின்றன. ஆக, இங்கே முதலில் தராசு பிடித்தவர்கள் சிந்துவெளி வியாபாரிகள் என்பது என் ஊகம்.

பிறகு தீவுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு முத்திரையைச் செய்துகொண்டார்கள். மாக்கல்லில் செதுக்கிய வட்ட முத்திரை, பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம். முகப்பில் மான், காளை, ஈச்சமரம், ஒரே பானையிலிருந்து உறிஞ்சுகுழலால் குடிக்கும் இரண்டு பேர். முதுகுப்பக்கம் குமிழ் மாதிரி எழுந்திருக்கும்; அதில் மூன்று இணைகோடுகள், நடுவில் புள்ளி வைத்த நான்கு வட்டங்கள். படம் ஆளுக்கு ஆள் மாறினாலும் முதுகு அநேகமாக இப்படித்தான். சார் என்ற ஊரில் தெருவும் கோயிலும் வரிசை வீடுகளும் தோண்டி எடுத்தார்கள். அரண்மனை ஏதுமில்லாத அந்தச் சிற்றூரின் வீடுகளிலேயே முத்திரையும், முத்திரை குத்திய களிமண் துண்டுகளும் கிடைத்தன. அதாவது, சரக்கைக் கட்டி முத்திரை வைப்பது சாதாரணக் குடும்பத்துக்கும் பழகிய வேலை. இந்த வகை முத்திரை ஒன்று குஜராத்தின் லோத்தலிலும் அகப்பட்டது.

எல்லாம் நாணயமாகவே நடந்ததா என்றால், அதுவும் இல்லை. திலமுன் செம்பு வியாபாரம் செய்த ஈயா-நாசிர் என்பவருக்கு, சுமார் கி.மு. 1750-இல், நன்னி என்ற வாடிக்கையாளர் எழுதிய புகார் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஈயா-நாசிர் மட்டமான செம்பைக் காட்டி, 'வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ' என்றாராம். இனிமேல் என் வீட்டு முற்றத்தில் வைத்து நானே பொறுக்கி எடுப்பேன் என்கிறார் நன்னி. சரக்கை யாரும் பிரிக்கவில்லை என்று முத்திரை சொல்லும். சரக்கு நல்லதா என்று அது சொல்லாது!

ஏறக்குறைய அந்தக் காலத்தோடு திலமுன் வியாபாரமும் தளர்ந்தது. சிந்துவெளி நகரங்கள் ஏற்கெனவே ஓய்ந்திருந்தன. சைப்ரஸ் செம்பு ஈராக்குக்கு வரத் தொடங்கியிருந்தது. பெரிய சமாதி மேடுகள் எழுப்புவதும் நின்றுபோனது.

பஹ்ரைனில் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது இருந்தால், ஒரு வெள்ளிக்கிழமை மனாமா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். முத்திரைகள் அங்கே இருக்கின்றன. முகப்பு தெரியும்படிதான் வைத்திருப்பார்கள். முதுகு தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம்.