பொம்மைக் கண் செய்தவரின் பேத்தி

ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஒரு யூதத் தாத்தாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் பொம்மைக்குக் கண் செய்தவர். அசையும் பொம்மைக் கண்ணை அந்த நாட்டில் முதலில் உண்டாக்கியவர் என்று சொல்வார்கள், கரடி பொம்மையும் செய்திருக்கிறார். அவருடைய பேத்திதான் மிரியம் ஷபீரோ. 1923-ல் டொராண்டோவில் பிறந்து நியூயார்க்கின் ப்ரூக்ளினில் வளர்ந்தவர். அப்பா கலை படித்தவர், அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டவர். ஆறு வயதிலேயே வரைய ஆரம்பித்துவிட்ட இந்தப் பெண் ஓவியர் ஆனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் ஓவியத்தை விட்டுவிட்டு அம்மாவின் அலமாரிப் பக்கம் எப்படித் திரும்பினார், அதில் அவருடைய யூத அடையாளம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் அச்சு. அயோவா பல்கலைக்கழகத்தில் மௌரீசியோ லஸான்ஸ்கி என்ற அர்ஜென்டினாக்காரர் பதிப்போவியம் கற்பித்தார், அவரிடம் உதவியாளராக இருந்து தகடு, மை, ஆசிட் எல்லாம் கைக்குப் பழகியது. 1964-ல் கணவர் பால் ப்ராக்கோடு லாஸ் ஏஞ்சலிஸ் போய், ஜூன் வேய்ன் தொடங்கிய டாமரிண்ட் கல்லச்சுக் கூடத்தில் வேலை பார்த்தார். டாமரிண்ட் என்றால் புளி, அதே புளிதான். தெருவுக்குப் புளியின் பெயர், கூடத்துக்குத் தெருவின் பெயர். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்குச் சற்று முன்னால் ‘ஷ்ரைன்’ என்று ஒரு வரிசை வரைந்திருந்தார். நின்ற வாக்கில் ஒரு மாடம், அதில் அடுக்கடுக்காக அறைகள், உச்சியில் பொன் நிறம், ஓர் அறையில் முட்டை. முட்டைதான் பெண், முட்டைதான் அவர். அப்புறம் 1967-ல் ‘ஓ’ எழுத்தையும் ‘எக்ஸ்’ எழுத்தையும் ஒன்றோடொன்று பூட்டி ‘பிக் ஆக்ஸ்’ வரைந்தார். பெரிய படம், விமர்சகர்கள் கொண்டாடுகிற படம். எனக்கு அது கொஞ்சம் இரும்புக் கதவு மாதிரித்தான் தெரிகிறது.

கதவு 1972-ல் திறந்தது. கலிஃபோர்னியாவில் ஜூடி சிகாகோ என்ற பெண்ணிய ஓவியரோடு சேர்ந்து பெண்களுக்கென்றே ஓர் ஓவிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார் (சிகாகோவும் யூதக் குடும்பத்துப் பெண், பிறந்தபோது கோஹன்). ஹாலிவுட்டில் 17 அறைகள் கொண்ட ஒரு பாழடைந்த வீட்டை மாணவிகளே பழுதுபார்த்து, சமையலறை, குளியலறை, மாடிப்படி என்று ஒவ்வொன்றையும் ஒரு படைப்பாக மாற்றினார்கள். ‘வுமன்ஹவுஸ்’ என்று பெயர். அந்த வீட்டுக்குள் இன்னொரு சின்ன வீடும் இருந்தது: ஷெர்ரி ப்ரோடியும் ஷபீரோவும் செய்த ஆறு அறை பொம்மை வீடு. லேஸ், துணித்துண்டு, கண்ணாடி, மணி எல்லாம் வைத்து அழகாகத்தான் இருக்கும். கிட்டப் போனால் சமையலறை ஜன்னல் வழியாகப் பத்து ஆண்கள் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தொட்டிலில் குழந்தைக்குப் பதில் ஒரு பூதம் கிடக்கிறது. பொம்மைக் கண் செய்த தாத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அதன் பிறகு தூரிகையோடு துணியும் கூட வந்துவிட்டது. கூட்டங்களில் பேசப் போகிற ஊரிலெல்லாம் பெண்களிடம் கைக்குட்டை, ஏப்ரன், லேஸ் என்று கேட்டு வாங்கிக்கொள்வாராம். அதையெல்லாம் கான்வாஸில் ஒட்டி மேலே அக்ரிலிக் பூசி, இதயம், விசிறி, வீடு, கிமோனோ வடிவங்களில் பிரம்மாண்டமாக எழுப்பினார். 1976-ல் செய்த ‘அனாட்டமி ஆஃப் எ கிமோனோ’ மட்டும் 52 அடி நீளம். இதற்கு அவரும் ஓவியர் மெலிசா மேயரும் ‘ஃபெம்மாஜ்’ என்று பெயர் வைத்தார்கள் (பிரெஞ்சில் ஃபெம் என்றால் பெண்). துணியையும் காகிதத்தையும் ஒட்டுகிற கொலாஜைக் கண்டுபிடித்தவர்கள் 1912-ல் பிக்காசோவும் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ப்ராக்கும் என்று எல்லாப் புத்தகமும் எழுதுகிறதே, எங்கள் பாட்டிமார் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் இவர்கள் கேட்டது. 14 விதிகள் எழுதி, பாதியாவது பொருந்தினால் அது ஃபெம்மாஜ் என்றார்கள். முதல் விதி, செய்தவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

யூத விஷயம் எங்கே என்று கேட்பீர்கள். 1983-ல் சிகாகோ நகரத்து யூத ஆலயம் ஒன்றுக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் என்று நான்கு ஆதித்தாய்களை வண்ணக் கண்ணாடி ஜன்னல்களாக்கினார். 1997-ல் ‘மை ஹிஸ்டரி’ படத்தில் தன் யூத அடையாளத்தையே எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் அது துணியிலேயே இருந்தது என்பேன். ஜெர்மானிய யூதர்களிடம் விம்பெல் என்று ஒரு வழக்கம் உண்டு. ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும்போது சுற்றியிருந்த துணியை நீளவாக்கில் கிழித்துத் தைத்து, தாயோ பாட்டியோ அதில் எம்பிராய்டரி செய்வார்கள், ஆலயத்தில் யூத வேதமான தோராச் சுருளைக் கட்ட அது போகும். குழந்தையின் பெயர் இருக்கும், அப்பா பெயர் இருக்கும், பிறந்த நாள் இருக்கும். தைத்தவள் பெயர் இருக்காது. ஷபீரோ இதைப் பார்த்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை, எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் ஞாபகம் வருகிறது.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பெயர் தெரியாத பெண்களின் கைவேலையை ஒட்டிய படத்தில் கடைசியில் ஷபீரோவின் கையெழுத்துதானே இருக்கிறது? அவர் இதைக் கூட்டுவேலை என்றே நினைத்தார். எனக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

கடைசிப் படத்தைப் போடுங்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஒன்பது பட்டதாரிப் பெண்களோடு சேர்ந்து செய்த பதிப்போவிய வரிசை, தலைப்பு ‘அனானிமஸ் வாஸ் எ வுமன்’, அதாவது பெயர் தெரியாதவர் ஒரு பெண். துத்தநாகத் தகட்டில் இளகிய மெழுகுப் பூச்சு. அதன் மேல், பூச்சாடிக்கு அடியில் விரிப்பார்களே, அந்த வட்டமான குரோஷா பின்னல், அப்படியே. அழுத்தி எடுத்தால் நூல் பட்ட இடத்து மெழுகு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஆசிட் அந்த இடத்தைத் தின்னும், மை பூசிக் காகிதத்தில் ஒற்ற வேண்டியதுதான். பூவோ இதயமோ அவர் எதுவும் சேர்க்கவில்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து கிட்ட வந்து பாருங்கள், எங்கே முடிச்சு போட்டிருக்கிறாள், எங்கே நூலைக் கொஞ்சம் இறுக்கிவிட்டாள் என்பதுகூடத் தெரியும்.