மெசினுக்கும் மாரி உண்டு

வணக்கம். மண் தோண்டுகிற ஒரு பெக்கோ, ஒரு டிப்பர், இரண்டு கொங்கிறீட் மிக்சர், இவ்வளவும்தான் என் சொத்து. கட்டுமான இயந்திரங்களை நட்டமில்லாமல் வைத்திருப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நட்டப்பட்டுப் படித்தவன் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

வன்னியில் மண் வேலைக்கும் பயிரைப் போலப் போகம் உண்டு. ஐப்பசியில் மழை பிடித்தால் தைப்பொங்கல் வரை கிரவல் ரோட்டில் டிப்பரை இறக்க முடியாது. குளக்கட்டு வேலையோ தண்ணீர் வற்றிய பிறகுதான். ஆக, வருடத்தில் உழைக்கிற மாதங்கள் கொஞ்சம். அந்த மாதங்களில் மெசின் ஒரு நாள் நின்றாலும் அதன் விலை வேறு.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னக் குளக்கட்டு வேலை. புரட்டாதி மாதம். பெக்கோவின் பூமுக்கு, அதாவது அதன் பெரிய கைக்கு, ஒயில் கொண்டுபோகிற ஹைட்ரோலிக் ஹோஸ் ஒன்றில் இறப்பர் வெடித்து உள்ளே கம்பி தெரிந்தது. ஓடுகிற தம்பி, "இன்னும் ஒரு கிழமை தாங்கும் அண்ணை" என்றான். நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் அது வெடித்து, ஒயில் முழுக்க மண்ணில் போனது. வவுனியாவுக்குக் கொண்டுபோய் அதே அளவில் புது ஹோஸ் செய்வித்து வர ஒரு பகல் போய்விட்டது. அன்றிரவே மழை. குளக்கட்டு சேறானது, கூலிக்கு எடுத்த டிப்பர்கள் சும்மா நின்றன, மிச்ச வேலையைத் தை கழிந்துதான் முடித்தோம். அந்த ஹோஸின் விலை மெசினின் ஒரு நாள் டீசல் காசுகூட வராது.

அதற்குப் பிறகுதான் கொப்பி போடத் தொடங்கினேன். எண்பது பக்கக் கொப்பி. மணித்தியால மீற்றர் எத்தனையில் நிற்கிறது, எத்தனை லீற்றர் அடித்தோம், என்ன சத்தம் கேட்டது, அவ்வளவுதான் எழுதுவோம். 2021 கடைசியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஆனி முடிவில் 460 ரூபாவானது. எந்த வேலைக்கு எவ்வளவு டீசல் போகிறது என்று தெரியாமல் பழைய விலைக்குக் கொந்தராத்து எடுத்தவர்கள் அந்த வருடம் அடிபட்டுப் போனார்கள். என்னை ஓரளவு காப்பாற்றியது அந்தக் கொப்பிதான்.

கூலிக் கணக்கிலும் ஒரு பிழை விடுகிறோம். மணித்தியாலக் கூலியில் டீசலையும் ஓடுகிறவரின் சம்பளத்தையும் கழித்துவிட்டு மிச்சமெல்லாம் லாபம் என்று நினைக்கிறோம். பின் டயர் சோடி ஆறு இலட்சம், 3000 மணித்தியாலம் ஓடும் என்று வையுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் டயரில் மட்டும் 200 ரூபா தேய்கிறது. மூட்டுகளில் இருக்கிற இரும்புப் பின், அதைச் சுற்றியிருக்கிற புஷ், ஒயில், பில்டர் எல்லாவற்றுக்கும் இப்படிப் பிரித்துப் பார்த்து, அந்தக் காசைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக்காரியிடம் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது; கேட்டால் லேசில் தரமாட்டார்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். கிறீஸ் அடிப்பதைப் பலர் காலையில் செய்கிறார்கள். நான் பின்னேரம், வேலை முடிந்த கையோடு அடிக்கச் சொல்வேன். பின்னும் புஷ்ஷும் சூடாக இருக்கும்போது புதுக் கிறீஸ் உள்ளே போய்ப் பழையதைத் தள்ளும். அதோடு மண்ணும் வெளியே வரும். முதலில் கிறீஸ் உள்ளே போகிற வாயை, அதுதான் நிப்பிளை, சீலையால் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மேலேயிருக்கும் புழுதியை நாமே உள்ளே அனுப்புகிறோம். கிறீஸோடு கலந்த புழுதி அரம் மாதிரி. பின்னை ராவித் தின்றுவிடும். பிறகு ஓட்டை முட்டை வடிவமாகும், வெல்டிங், லேத் என்று அலைய வேண்டும்.

எயார் பில்டரைக் கழற்றி டயரில் தட்டுகிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. தயவுசெய்து தட்டாதீர்கள். தட்டினால் விளிம்பு நெளியும். வேகமாகக் காற்றடித்தால் தாள் கிழியும். மெதுவாக, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். பிறகு இருட்டில் வைத்து உள்ளே டோர்ச் பிடித்துப் பாருங்கள். ஊசி முனையளவு வெளிச்சம் வெளியே தெரிந்தாலும் அதை எறிந்துவிட வேண்டும். அதற்குள்ளே இருக்கிற இரண்டாவது பில்டரைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, மாற்றுவதுதான்.

கானிலும் பரலிலும் டீசல் வைத்திருப்பவர்கள் அதை அடையவிட்டு, அடியில் ஒரு சாண் விட்டு மேலே எடுங்கள். டேங்கைப் பின்னேரமே நிரப்பினால் இரவுக் குளிரில் உள்ளே தண்ணீர் வேர்ப்பது குறையும். காலையில், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வோட்டர் செபரேற்றரைத் திறந்து கொஞ்சம் விடுங்கள். எஞ்சினுக்குள் டீசல் விசிறுகிற இஞ்செக்டர் போனால் எவ்வளவு செலவென்று அனுபவப்பட்டவருக்குத் தெரியும்.

மெசினைக் கேட்க வேண்டும். ஓடுகிறவரின் காது எந்த மீற்றரையும் விடக் கெட்டிக்காரத்தனமானது. எங்கள் மண்ணில் இன்னொரு காரணமும் உண்டு: போரில் வெடிக்காமல் புதைந்து கிடக்கிற குண்டுகள். பக்கற் இரும்பில் பட்ட சத்தம் கேட்டால் நிறுத்தி, இறங்கித் தள்ளிப் போய், பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். கிளறிப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம்.

பெரிய வேலைகளை மாரிக்கு வையுங்கள். கராஜ்காரருக்கும் அப்போதுதான் நேரம், பேரம் பேசலாம். நிற்கிற மெசினில் பற்றரி வயரைக் கழற்றி, வெளியே நிற்கிற சிலிண்டர் றொட்டில் கிறீஸ் பூசி, பக்கற்றை நிலத்தில் இறக்கி விடுங்கள். எலி வயர் கடிக்கும், சைலன்சருக்குள் குளவி கூடு கட்டும். கிழமைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதென்றால் முதலில் சைலன்சருக்குள் எட்டிப் பாருங்கள்.

மிக்சருக்கு ஒன்றே ஒன்று: கடைசிக் கலவை கொட்டியதும் தண்ணீரும் கொஞ்சம் கல்லும் போட்டுச் சுற்றவிடுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்றால் நாளைக்குச் சுத்தியலோடுதான் நிற்க வேண்டும்.

புது மெசின் எடுக்கலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். போன வருடம் எத்தனை மணித்தியாலம் கூலிக்கு எடுத்தாய், மழை மாதங்களில் லீசிங் காசு எங்கேயிருந்து வரும் என்று திருப்பிக் கேட்பேன். பதில் கொப்பியில் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் கூலிக்கே எடுக்கட்டும்.

இப்போது புரட்டாதி. என் பெக்கோவின் பூம் பின் ஒன்று ஆடத் தொடங்கியிருக்கிறது. புதுப் பின்னை இப்போதே வாங்கி வீட்டில் வைத்துவிட்டேன்; முதல் மழை பெய்ததும் கழற்றுவோம். வணக்கம்.